லெவண்ட் சுரங்கம்: ஓடும் எஞ்சினும் நின்றுபோன குழியும்

இங்கிலாந்தின் கார்ன்வாலில், பென்டீன் ஊருக்கு அருகே அட்லாண்டிக் கடலைப் பார்த்த பாறை விளிம்பில் இருக்கிறது லெவண்ட் சுரங்கம். 1820இல் நிறுவனமாகத் தொடங்கி, செம்பும் வெள்ளீயமும் எடுத்து, கடலுக்கு அடியில் ஒரு மைலுக்கும் மேல் நீண்டு, 1930இல் மூடப்பட்ட இந்தச் சுரங்கத்தின் எச்சங்களை இப்போது பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிக்கிறது.

பலரும் இங்கே வருவது 1840ஆம் ஆண்டின் நீராவி எஞ்சினைப் பார்க்கத்தான். தாதுவை மேலே இழுப்பதற்கென்று அமைக்கப்பட்ட இது, 1935இல் பழைய இரும்பாக விலைபோகவிருந்த நிலையில் ஆர்வலர்களால் காப்பாற்றப்பட்டு, தன்னார்வலர்களின் நெடிய உழைப்பால் 1992இல் மீண்டும் நீராவியில் ஓடத் தொடங்கியது. அதன் பெரிய உத்தரம் ஏறி இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது கிடைக்கும் விளக்கத்தை எந்தப் பலகையாலும் தர முடியாது. ஆகவே எஞ்சின் ஓடும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொண்டு செல்லுங்கள்.

ஆனால் என் கணிப்பில், இங்கே தவறவிடக் கூடாதது ஆள் ஏற்றும் எந்திரத்தின் குழிதான். குழிக்குள் தொங்கிய நீண்ட மரத்தண்டு ஒவ்வொரு முறையும் 12 அடி ஏறி இறங்கும். தண்டில் பொருத்திய படியில் நிற்கும் தொழிலாளி, அது மேலே வந்ததும் பக்கவாட்டு மேடைக்கு மாறி, அடுத்த படி கீழிறங்கி வரும்வரை காத்திருந்து மீண்டும் ஏறிக்கொள்வார். பல நூறு அடி ஏணியில் ஏறும் களைப்பை மிச்சப்படுத்திய இந்த ஏற்பாட்டில், 1919 அக்டோபர் 20 அன்று வேலை முடிந்து ஆட்கள் மேலே வந்துகொண்டிருந்தபோது, தண்டை எஞ்சினோடு இணைத்த இரும்புப் பாகம் முறிந்து 31 பேர் இறந்தனர். அந்த எந்திரத்துக்குப் பதிலாகப் பிறகு வேறொன்று அமைக்கப்படவே இல்லை. ஆழமான தளங்களும் கைவிடப்பட்டன. வழிகாட்டி இதைச் சொல்லி முடிக்கும்வரை குழுவோடு இருங்கள். படம் எடுக்கப் பிறகு நேரம் உண்டு.

தாதுவை வறுத்து ஆர்செனிக் என்ற நச்சுப்பொருளைப் பிரித்த இடங்களின் இடிபாடுகளும் வளாகத்தில் உள்ளன. பின்னணி தெரியாதவருக்கு அவை வெறும் சுவர்களாகத் தோன்றக்கூடும். தரை கரடுமுரடு, காற்று பலம் என்பதால் நல்ல காலணி அவசியம்.

நிலத்தடிக்குள் இறங்க விரும்புவோர், நடந்து செல்லும் தொலைவில் உள்ள கீவர் சுரங்கத்தையும் சேர்த்துத் திட்டமிடலாம். 1985இல் வெள்ளீய விலை சரிந்ததைத் தொடர்ந்து 1990இல் மூடப்பட்டு அருங்காட்சியகமான அங்கே, பழைய சுரங்கப் பாதை ஒன்றுக்குள் பார்வையாளர்களை அழைத்துச் செல்கிறார்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பதானால் லெவண்டை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.