சிறிய சொகுசுக் கப்பல்கள்: எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

சொகுசுக் கப்பல் நிறுவனங்களின் விளம்பரங்களை அடுத்தடுத்துப் படித்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். கேவியர், ஷாம்பெய்ன், மணியடித்தால் ஓடிவரும் பணியாளர். உண்மையான வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஓர் எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: கப்பலில் எத்தனை பயணிகள்? சாப்பாடும் கவனிப்பும் பெரும்பாலும் அந்த எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன.

சீட்ரீம் நிறுவனத்திடம் இருப்பவை இரண்டே கப்பல்கள். 1984, 1985ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றிலும் 112 பயணிகள், சுமார் 95 பணியாளர்கள். நேற்று மாலை நீங்கள் என்ன பானம் கேட்டீர்கள் என்பது இன்று பணியாளருக்கு நினைவிருக்கிறது என்றால், அதற்குப் பயிற்சி மட்டும் காரணமல்ல. 112 முகங்களை நினைவில் வைத்துக்கொள்வது மனிதரால் முடிகிற காரியம். சமையலறைக்கும் இதே கணக்குதான். ஒரு வேளைக்கு நூற்றுச் சொச்சம் பேருக்குச் சமைக்கும்போது, மீனை வாணலியிலிருந்து எடுத்த சூட்டோடு மேசைக்கு அனுப்ப முடிகிறது. வானிலை இடம் கொடுத்தால் மேல்தளத்தில் திறந்தவெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

குறைகளும் இருக்கின்றன. அறைகளுக்குப் பால்கனி கிடையாது. பெரும்பாலான அறைகள் சுமார் 195 சதுர அடிதான். கடல் கொந்தளித்தால் சிறிய கப்பல் அதிகம் ஆடும். தினமும் வேறு வேறு உணவகம் வேண்டும் என்பவருக்கு ஒரு வாரத்திலேயே சலித்துவிடும்.

இடவசதியை அளக்கக் கப்பல்துறையில் ஒரு கணக்கு உண்டு. கப்பலின் மொத்த டன்னைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். இந்த டன் எடையல்ல, உள்ளே இருக்கும் கொள்ளளவு. சில்வர்சீ நிறுவனத்தின் சில்வர் நோவா கப்பலுக்கு 54,700 டன், 728 பயணிகள். ஆளுக்கு 75 வருகிறது. 2024இல் கடலில் இறங்கிய ராட்சதக் கப்பலான ஐகான் ஆஃப் தி சீஸுக்கு, அறைக்கு இருவர் என்று வைத்தால், 44. சீட்ரீமுக்கு வெறும் 38! உலகின் மிகப் பெரிய சுற்றுலாக் கப்பல்களில் ஒன்றைவிடக் குறைவு. ஆனால் 112 பேர் இருக்கும் இடத்தில் வரிசை என்ற ஒன்று உருவாவதே இல்லை. அந்தச் சுகத்தை இந்த வகுத்தல் கணக்கு காட்டாது. அதனால் இதை மட்டும் நம்பிக் கப்பலைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

சீட்ரீமை ஆரம்பித்த நார்வேக்காரர் ஆட்லே பிரைனஸ்டாட்தான் அதற்கு முன்பு சீபோர்ன் என்ற சொகுசுக் கப்பல் நிறுவனத்தையும் ஆரம்பித்தவர். சீபோர்னின் முதல் கப்பல்களில் ஏறியவர்கள் சுமார் 200 பேர். இன்று அதன் என்கோர், ஓவேஷன் கப்பல்களில் 600 பேர். கூட்டம் மூன்று மடங்கானபோதும் அந்த நிறுவனம் பழைய நெருக்கத்தை முழுதாக விட்டுவிடவில்லை. கடற்கரை விருந்து நாளில் பணியாளர்கள் சீருடையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அலைச்சறுக்குப் பலகையையே மேசையாக்கிக் கேவியர் பரிமாறுகிறார்கள். உணவகங்களுக்குத் தனிக் கட்டணம் இல்லை. அமெரிக்கச் சமையல்காரர் தாமஸ் கெல்லரின் பெயர் தாங்கிய கிரில் உணவகம் 2024இல் மூடப்பட்டு, அந்த இடத்தில் சோலிஸ் என்ற மத்தியதரைக்கடல் உணவகம் வந்தது. பிரபலச் சமையல்காரரின் பெயர் போனதை நான் இழப்பாகவே நினைக்கவில்லை. கடலில் போகும்போது மீனும் ஆலிவ் எண்ணெயும்தான் பொருத்தம்.

சாப்பாடே பிரதானம் என்றால் என் கை சில்வர்சீ பக்கம்தான் நீளும். சால்ட் என்ற பெயரில் அவர்கள் நடத்தும் திட்டத்தில், கப்பல் எந்தக் கரையோரம் போகிறதோ அந்த ஊர்ச் சமையல் தட்டுக்கு வருகிறது. கற்றுக்கொள்ள ஒரு சமையற்கூடமும் உண்டு. எங்கே போனாலும் ஒரே மெனுவை நீட்டும் வழக்கத்துக்கு இது நல்ல மாற்று. எல்லா அறைகளுக்கும் பட்லர் சேவை, அதாவது அறைவாசிகளின் தேவைகளைக் கவனிக்கும் தனிப் பணியாளர், உண்டு. இரவுச் சாப்பாட்டை அறைக்கே ஒவ்வொரு பதார்த்தமாகக் கொண்டுவந்து வைப்பார்கள். இத்தனையும் செய்துவிட்டு, லா டாம் என்ற பிரெஞ்சு உணவகத்துக்குத் தனியாகப் பணம் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. 728 பேர் போகும் நோவாவைவிட, 596 பேர் போகும் மூன் அல்லது டானைத் தேர்ந்தெடுப்பேன். நிறுவனம் ஒன்றே என்றாலும் கப்பலுக்குக் கப்பல் அனுபவம் மாறுகிறது; டிக்கெட் எடுக்கும்போது கப்பலின் பெயரைப் பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

ரீஜண்ட் நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் கப்பலில் சுமார் 750 பேர். கரைச் சுற்றுலாக்கள் உட்பட அநேகமாக எல்லாம் கட்டணத்திலேயே அடங்கும். அடிக்கடி பர்ஸைத் திறக்க விரும்பாதவர்களுக்கு ஏற்றது. கிரிஸ்டல் நிறுவனத்தின் செரினிட்டி கப்பல் 2023இல் மீண்டும் பயணம் தொடங்கியபோது பயணிகளின் எண்ணிக்கையை 740 ஆகக் குறைத்துக்கொண்டது. 68,870 டன் கப்பலில் இவ்வளவு பேர்தான் என்றால் ஆளுக்கு 93. பிரபலச் சமையல்காரர் நோபுவின் ஜப்பானிய உணவகமும் அங்கே இருக்கிறது. கை காலை நீட்டி வாழ ஆசைப்படுகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம்.

இனி துறைமுகங்கள். சில இடங்களுக்குள் சிறிய கப்பலால்தான் நுழைய முடியும். 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும் 180 மீட்டருக்கு மேல் நீளமானவையும் வெனிஸின் ஜூடெக்கா கால்வாயில் நுழைய 2021 ஆகஸ்டிலிருந்து தடை இருக்கிறது. என்கோர், மூன், எக்ஸ்ப்ளோரர், செரினிட்டி எல்லாமே அந்த வரம்பைத் தாண்டியவை. கிரீஸின் கொரிந்து கால்வாயின் அகலம் நீர்மட்டத்தில் 25 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. சீட்ரீமின் அகலம் ஏறத்தாழ 14 மீட்டர். இருபுறமும் செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவர்களுக்கு நடுவே, பக்கத்துக்கு ஐந்து மீட்டர் இடைவெளியில், கப்பல் மெல்ல நகர்ந்து போகும். மேல்தளத்தில் உட்கார்ந்தால் பாறையில் உள்ள வெட்டுத் தழும்புகள்கூடக் கண்ணுக்குத் தெரியும்.