கழற்றாத கண்ணாடிக்குக் கழற்றுக்கூலி

எட்டு அங்குல ஷ்மிட்-காஸ்கிரெய்ன் (முன்னால் கண்ணாடித் தகடும் பின்னால் ஒளியைக் குவிக்கும் ஆடியும் உள்ள வகை) தொலைநோக்கி வைத்திருப்பவர்கள், கண்ணாடிப் பூட்டுக்காக, அதாவது அந்த ஆடியை அசையாமல் பிடிக்கும் போல்ட்டுக்காக, அதன் பின்மூடியில் துளை போடப் பட்டறையைத் தேடுகிறீர்களா? என் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

இந்த வகையில் குவியக் குமிழைத் திருகினால் முதன்மைக் கண்ணாடியே நடுக்குழாயின் மேல் வழுக்கி நகரும். வழுக்க வேண்டுமானால் கிரீஸுக்கு இடம் வேண்டும். அந்த இடைவெளிதான் வினை. குமிழைத் திசை மாற்றித் திருப்பினால் வியாழன் ஒரு பக்கமாகத் துள்ளும். தொலைநோக்கி கிழக்கு வானிலிருந்து மேற்குக்குத் திரும்பும்போது கண்ணாடியும் சாயும். குவியத் தொலைவு 2032 மி.மீ. ஆயிற்றே, பிம்பம் அவ்வளவு பெரிதாக விழும், இம்மி அசைந்தாலும் புகைப்படத்தில் விண்மீன் கோடாக இழுபடும். வெறுமனே கண்ணால் பார்ப்பவர்களுக்குப் பூட்டே தேவையில்லை. நான் படம் எடுக்கிறவன்.

வேலை சிறியது. குமிழிலிருந்து 120 பாகை தள்ளி இரு புறமும் ஒவ்வொரு துளை, அதில் மரை, நைலான் முனை வைத்த இரண்டு போல்ட். குவியம் வைத்த பிறகு விரலால் மெல்ல முடுக்கினால், குமிழோடு சேர்த்துக் கண்ணாடி மூன்று இடத்தில் தாங்கி நிற்கும். என்னிடம் துளைக் கருவி இல்லாததால் கோவையில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். "பைனாகுலர், சர்வே கருவியெல்லாம் இருபது வருடமாகப் பார்க்கிறேன் சார்" என்றார் உரிமையாளர். கண்ணாடியை வெளியே எடுத்துவிட்டுத்தான் துளைக்க வேண்டும், அதற்கு முன்புறத் தகட்டைக் கழற்ற வேண்டும், அதைச் சுழலவிடாமல் பழைய நிலையிலேயே திரும்பப் பொருத்த வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். தலையாட்டினார். பில் 4,500 ரூபாய். அதில் 2,000 'கண்ணாடி கழற்றி மாட்டிய கூலி'.

முதல் இரவே சிரியஸ் முக்கோணமாகத் தெரிந்தது. போல்ட்டைத் தளர்த்தினேன், வட்டமானது. கழற்றிப் பார்த்தால் நைலான் இல்லை. எஃகு போல்ட்டின் நுனியில் ஒரு சொட்டுப் பசை! அதுவும் உரிந்து தொங்கியது.

அப்போதுதான் முன்புறத் தகட்டைப் பிடித்திருக்கும் முன்வளையத்தைக் கவனித்தேன். திருகுகளின் தலையில் பல வருடத் தூசி கலையாமல் அப்படியே இருந்தது. தகட்டை அவர் தொடவே இல்லை. நானே திறந்தேன். நடுக்குழாயின் கிரீஸில் அலுமினியப் பிசிறு அப்பிக் கிடந்தது. கண்ணாடியின் முதுகில் துளைக் கருவி குத்திய வெள்ளைத் தடம். முதுகில் பட்டதால் பிம்பத்துக்குக் கேடில்லை. ஆனால் காரில் வரும் வழியில் முன்பக்கத்துக்கு உருண்டுவந்த பிசிறு, பூச்சில் இரண்டு கீறல் போட்டிருந்தது.

திரும்பப் போய்க் கேட்டால், "கீறல் முன்பே இருந்தது சார்." கொடுக்குமுன் நான் படம் எடுத்து வைக்கவில்லை, வாயடைத்துப்போனேன். தூசியைப் பற்றிக் கேட்டதும் பையனைக் கூப்பிட்டுத் திட்டினாரே தவிர, ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

நீங்கள் கொடுப்பதானால் உள்ளே டார்ச் அடித்து, அவர் எதிரிலேயே கண்ணாடியைப் படமெடுங்கள். முன்வளையத் திருகுகள் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள், திறந்தால் உடையும். முடிந்தால் கண்ணாடியை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டுப் பின்மூடியை மட்டும் கொடுங்கள்.

நான் நைலான் போல்ட் வாங்கி மாற்றிவிட்டேன். பூட்டு இப்போது நன்றாகவே பிடிக்கிறது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.