ஓவர்போர்ட்! – கொலைகாரியோடு எட்டு மணி நேரம்

காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளைம் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரே சம்பவத்தை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். எது உண்மை என்று தோண்டுவதிலேயே என் பகல் முழுக்கப் போய்விடும். அதனால் துப்பறியும் கேம் என்றாலே எனக்கு அலுப்பு. வீட்டுக்கு வந்தும் அதே வேலையா? ஆனால் 'ஓவர்போர்ட்!' என்னை மூன்று ராத்திரி தூங்க விடவில்லை. இதில் தோண்டுகிற ஆள் நாம் இல்லை, புளுகுகிற ஆள்.

1935ஆம் வருடம். நியூயார்க் போகும் எஸ்.எஸ். ஹூக் என்ற பயணிக் கப்பல். மவுசு குறைந்துபோன நடிகை வெரோனிகா வில்லன்சி, தன் கணவன் மால்கமை ராத்திரியோடு ராத்திரியாகக் கடலில் தள்ளிவிடுகிறாள். கொலை செய்தது யார் என்ற கேள்விக்கே இடமில்லை. விடிந்ததும் கதவு தட்டப்படுகிறது. கரை சேர எட்டு மணி நேரம்தான் இருக்கிறது, அதற்குள் நம்மை யாரும் சந்தேகப்படாதபடி செய்ய வேண்டும். 2021இல் வந்த இந்த கேமைச் செய்தது இங்கிள் என்ற பிரிட்டிஷ் குழு. '80 டேஸ்' விளையாடியவர்களுக்கு இவர்களுடைய எழுத்து எப்படி இருக்கும் என்று தெரியும்.

வெரோனிகாவை எனக்குப் பிடிக்கவில்லை. கடைசி வரைக்கும் பிடிக்கவில்லை. செய்ததற்கு வருத்தமே கிடையாது. எதிரே வருகிற ஒவ்வொருவரையும் 'இவரால் எனக்கு என்ன லாபம்' என்ற கணக்கோடுதான் பார்க்கிறாள். முதல் ரவுண்டில் அவளை நல்லவளாக்கப் பார்த்தேன். மென்மையான பதில்களாகத் தேடித் தேடிக் கொடுத்தேன், கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னேன். ஒருவரிடம் கணவர் இன்னும் தூங்குகிறார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவரிடம், காலையிலேயே எழுந்து வெளியே போய்விட்டார் என்று சொல்லி வைத்தேன். கடைசியில் எல்லோரும் ஒன்றாகக் கூடி அவரவர் பார்த்ததையும் கேட்டதையும் சொன்னார்கள். என் இரண்டு பொய்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஆபீஸில் நான் அடுத்தவர் வாக்குமூலத்தில் சிவப்பு மையால் கோடு போடுகிற இடம் அதுதானே!

இந்த கேமின் பலமே அங்கேதான். கப்பலில் இருப்பவர்கள் நமக்காகக் காத்துக்கொண்டு நிற்பதில்லை. அவரவர் வேலையாக நடமாடுகிறார்கள், பார்க்கிறார்கள், நாம் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். நாம் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போனாலும் சரி, நின்று பேசினாலும் சரி, கடிகாரம் நகர்ந்துகொண்டே இருக்கும். பொய் சொல்கிறவர்கள் தேவைக்கு மேல் விவரம் கொடுப்பார்கள் என்பது என் அனுபவம். உண்மை பேசுகிறவர் பாதிக் கேள்விக்குத் 'தெரியலீங்க' என்பார். இரண்டாவது ரவுண்டில் அதையே பிடித்துக்கொண்டேன். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் அரை வரி. அதன் பிறகுதான் பிடி கிடைத்தது.

(இனி கதை கொஞ்சம் கசியும். விளையாடப் போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

மால்கம் தற்கொலை செய்துகொண்டார் என்று எல்லோரையும் நம்பவைத்து, ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். தற்கொலை என்றால் காப்பீட்டுப் பணம் வராது என்று கேம் சொன்னது! பாலிசி எடுத்த முதல் ஓரிரு வருடத்துக்குள் தற்கொலை என்றால் தொகை இல்லை என்ற விதியை எத்தனையோ குடும்பங்களுக்கு என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். அது எனக்கே தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். சரி, பணம் வேண்டுமென்றால் பழியை வேறு யார் மேலாவது போட்டாக வேண்டும். மால்கம் மேல் ஆசை வைத்திருந்த கிளாரிஸா என்ற பெண்தான் வசமாகக் கிடைத்தாள். அவளைச் சிக்கவைக்க ஒவ்வொரு பதிலாகத் தேர்ந்தெடுக்கும்போது நெஞ்சு கனத்தது. நல்ல குணமுள்ள நாயகியாக இருந்திருந்தால் எனக்கு இந்த வலி வந்திருக்காது. வெரோனிகா இவ்வளவு மோசமாக இருப்பதால்தான், அவளுக்காக நான் சொடுக்கிய ஒவ்வொரு பொத்தானும் எனக்கு உறுத்தியது.

எங்கே போவது என்று தெரியாமல் திணறினால் கப்பலில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. அங்கே மண்டியிட்டு வேண்டினால் கடவுளே பதில் பேசுகிறார், அடுத்து என்ன செய்யலாம் என்று கோடி காட்டுகிறார். குறிப்பு கொடுக்க இதைவிட அழகான வழியை நான் எந்த கேமிலும் பார்த்ததில்லை.

குறையும் உண்டு. ஒரு ரவுண்டு ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆனால் அதே காலைப் பொழுதைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். ஏற்கெனவே பார்த்த வசனத்தை வேகமாக ஓட்ட வசதி இருக்கிறது. அப்படி இருந்தும் ஐந்தாவது தடவை எனக்குச் சலித்தது. அப்புறம், முழுக்க முழுக்க வாசிப்புதான். ஓடுவது, குதிப்பது, புதிர்க் கட்டையை நகர்த்துவது எதுவும் கிடையாது. வாசிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். மற்ற எல்லோரும் தயங்காமல் வாங்கலாம்.

எனக்கு இன்னும் ஒரு முடிவு பாக்கி. யார் மேலும் பழி விழாமல், பணமும் கிடைக்கிற மாதிரி ஒரு வழி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி பாதி தூரம் வந்து மாட்டிக்கொண்டேன். இன்று கிளாரிஸாவை முதலில் போய்ப் பார்க்கப் போகிறேன்.