நீலமாகும் மலையும் பெயரில்லாப் புட்டியும்

நான்கு பியர்களை அருகருகே வைத்து, மூன்று மாலைகளில் நிதானமாகக் குடித்துப் பார்த்து எழுதும் மதிப்புரை இது. முதலாவது, குளிர்ந்ததும் மேலிருக்கும் படம் நிறம் மாறும் கேன். இரண்டாவது, கழுத்தின் உட்புறத்தில் சுருள் வரிகள் ஓடும் புட்டி. மூன்றாவது, சிறிய ஆலை ஒன்று பழுப்புப் புட்டியில் அடைத்து விற்கும் பேல் ஏல், அதாவது பழமணமும் கசப்பும் கூடிய ஒரு பியர் வகை. நான்காவது நானே வீட்டில் காய்ச்சியது. அதற்குப் பெயரும் இல்லை, ஒட்டுத்தாளும் இல்லை, மூடியில் பேனாவால் எழுதிய தேதி மட்டும் உண்டு. ஒவ்வொன்றையும் திறக்கும்போது நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: கொள்கலனுக்குச் செய்திருக்கும் இந்த வேலையால் உள்ளே இருக்கும் பியருக்கு என்ன கிடைக்கிறது?

நிறம் மாறும் படத்திலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்காவின் கூர்ஸ் லைட், வெள்ளையாக இருக்கும் மலைகள் குளிர்ந்ததும் நீலமாகும்படி அச்சிட்டு, 2000களின் பிற்பகுதியில் இந்த வித்தையைப் பெரும் விளம்பரமாக்கியது. அதன் அறிவியல் உண்மையிலேயே அழகானது. மையில் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சாயம், ஓர் அமிலப் பொருள், இரண்டையும் கரைத்து வைத்திருக்கும் ஒரு மெழுகுக் கரைப்பான் ஆகியவை அடங்கியுள்ளன. கரைப்பான் உறைந்தால் சாயமும் அமிலமும் இணைந்து நிறம் தோன்றும். உருகினால் பிரிந்து நிறம் மறையும். ஆனால் இந்த மை அறிவது கேனின் தோலை மட்டுமே. நான் சோதித்த கேனைப் பனிக்கட்டி நீரில் நிறுத்தியதும் சில நிமிடங்களிலேயே மலை நீலமாகிவிட்டது. உடனே கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெப்பமானியை விட்டபோது பியர் 11 டிகிரி செல்சியஸில் இருந்தது. மேலும், குளிர்ந்திருக்கிறதா என்று அறிய மனிதருக்குக் கை என்ற கருவி ஏற்கெனவே இருக்கிறது என்பதை இந்தக் கண்டுபிடிப்பில் உழைத்தவர்கள் எப்படி மறந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

இதை வெறும் வேடிக்கை என்று விட்டுவிடலாம்தான். எனினும் அந்த மலை நமக்குச் சொல்லும் செய்தியைக் கவனிக்க வேண்டும்: இந்தப் பியரின் சிறப்பு அதன் குளிர்ச்சியே என்கிறது அது. குளிர்ச்சி என்பது குளிர்பெட்டி தருவது, ஆலை தருவதன்று. அதைவிட முக்கியமானது, கடுங்குளிர் சுவையை மறைக்கிறது. மணத்தைத் தரும் பொருள்கள் குளிரில் ஆவியாவது குறைவதால் மூக்குக்கு எட்டுவதில்லை. நாவும் மரத்துப்போவதால் இனிப்பு மங்கிவிடுகிறது. எஞ்சுவது கரியமில வாயுவின் கூச்சமும் சில்லென்ற உணர்வும்தான். ஆகவே நான் அந்தக் கேனிலிருந்த மெல்லிய லாகரையும் (குளிரில் நொதிக்கவைக்கும் பியர் வகை) பேல் ஏலையும் 3 டிகிரியில் ஒரு முறையும், அரை மணிநேரம் மேசையில் வைத்து 12 டிகிரியில் மறு முறையும் குடித்தேன். 3 டிகிரியில் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. லாகரே இதமாக இருந்தது என்றும் ஒப்புக்கொள்கிறேன். 12 டிகிரியில் லாகரில் வேகவைத்த சோளத்தின் வாடையும் நீர்த்த இனிப்பும் மேலெழுந்தன. பாதிக் குவளைக்கு மேல் குடிக்க மனம் வரவில்லை. பேல் ஏலோ அப்போதுதான் வாய் திறந்து பேசியது: திராட்சைப்பழத் தோலின் மணம், பிறகு ரொட்டியின் ஓரம் போன்ற மால்ட் சுவை (மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி), கடைசியில் நாவின் பின்புறத்தில் நின்று மெல்ல விலகும் கசப்பு.

பெரிய ஆலைகளின் மெல்லிய லாகரை இகழ்வது என் நோக்கமன்று. பார்லியோடு அரிசியையோ சோளத்தையோ சேர்த்து, நிறமும் உடலும் குறைந்த ஒரு பியரை, கண்டம் முழுவதும் ஒரே சுவையில், ஆண்டு முழுவதும் தவறில்லாமல் காய்ச்சுவது அரிய திறமை. அத்தனை மெலிந்த பியரில் ஒரு சிறு பிழைகூட ஒளிந்துகொள்ள இடமில்லை. அந்தத் திறமையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் மலைப்படத்தைக் காட்டி விற்பதுதான் எனக்கு வியப்பு.

சுருள் வரிப் புட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மில்லர் லைட் 2010இல் வோர்டெக்ஸ் என்ற பெயரில் கழுத்தின் உள்ளே வரிப்பள்ளங்கள் கொண்ட புட்டியை வெளியிட்டது; ஊற்றும்போது பியர் சுழன்று வரும் என்பது அதன் கவர்ச்சி. 2012இல் அதே நிறுவனம் கேனின் மேல்புறத்தில் இரண்டாவது துளை ஒன்றைக் குத்திக்கொள்ளும் வசதியைத் தந்தது. காற்று உள்ளே போக வழியிருந்தால் திரவம் தடையின்றி வெளியேறும் என்பதால் இந்தத் துளை சொன்ன வேலையைச் செய்யும். ஆனால் அந்த வேலை, பியரை இன்னும் விரைவாக, இன்னும் குறைவாகச் சுவைத்து விழுங்குவதற்கே உதவுகிறது. 2013இல் வந்த பட்வைசரின் இடை சிறுத்த கேன் 11.3 அவுன்ஸ் கொண்டது. வழக்கமான கேன் 12 அவுன்ஸ். இடையை ஒடுக்கியதில் ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் பியர் காணாமல் போனதுதான் அந்த வடிவத்தின் உறுதியான விளைவு. நான் சோதித்த வரிப் புட்டியையும் அதே பியரின் சாதாரணக் கேனையும் என் கண்ணில் படாமல் மனைவி இரு குவளைகளில் ஊற்றித் தர, ஆறு முறை குடித்து மூன்று முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும்.

கொள்கலனில் புதுமை செய்வதே பயனற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்ற நெளி விளிம்பு மூடி இல்லாவிட்டால் வாயு நிறைந்த பானங்களை மலிவாகவும் நம்பிக்கையாகவும் புட்டியில் அடைப்பது கடினமாகவே இருந்திருக்கும். 1935 ஜனவரி 24 அன்று ரிச்மண்ட் நகரில் குருகர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் பியர் கேனும் ஒரு காலத்தில் புதுமை வித்தையாகத்தான் பார்க்கப்பட்டிருக்கும். ஆனால் அது ஒளியை முற்றிலும் தடுத்தது. அயர்லாந்தின் கின்னஸ் 1980களின் இறுதியில் கேனுக்குள் இட்ட, பின்னாளில் உருண்டை வடிவம் பெற்ற சிறு பிளாஸ்டிக் கருவியை நான் எப்போதும் மரியாதையோடு பார்ப்பேன். கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் நைட்ரஜன் பியரில் மிகக் குறைவாகவே கரையும். அதனால்தான் மதுக்கூடக் குழாயில் வரும் கின்னஸின் நுரை பாலாடை போல் நுண்ணியதாக இருக்கிறது, அதனாலேயே அந்த நுரையைக் கேனில் கொண்டுவருவது கடினமாகவும் இருந்தது. மூடும்போது உண்டாகும் அழுத்தத்தால் உருண்டைக்குள் நைட்ரஜனும் சிறிது பியரும் புகுந்துகொள்கின்றன. கேனைத் திறந்ததும் அழுத்தம் சட்டென விழ, ஊசித்துளை வழியாக அவை பீய்ச்சி அடித்து, பியர் முழுவதும் நுண்குமிழ்களை எழுப்பிவிடுகின்றன. 1991இல் பிரிட்டனில் தொழில்நுட்பத்துக்கான அரசியின் விருது அதற்குக் கிடைத்தது. கேனை ஆட்டினால் கடகடவென்று ஓசை எழுப்பும் அந்த உருண்டை விளம்பரத்துக்கும் உதவியதுதான்; ஆனால் அதை எடுத்துவிட்டால் பியர் வேறு பியராகிவிடும். மலைப்படத்தைச் சுரண்டி எடுத்தால் எதுவும் மாறாது.

புட்டியின் நிறத்திற்கு வருகிறேன். இங்கேதான் அழகும் நேர்மையும் நேருக்கு நேர் மோதுகின்றன. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருள்கள் நீல ஒளியும் புற ஊதாக் கதிரும் பட்டால் சிதைந்து, பியரிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து ஒரு நாற்றப் பொருளாக மாறும். வட அமெரிக்காவின் ஸ்கங்க் என்ற விலங்கு எதிரி மேல் பீய்ச்சும் திரவத்தின் நெருங்கிய உறவு அது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியின் பெரும்பகுதியைத் தடுக்கிறது. பச்சைக் கண்ணாடி கொஞ்சம் தடுக்கிறது. நிறமற்ற கண்ணாடி கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை. பியரின் பொன்னிறம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே நிறமற்ற புட்டியைத் தேர்ந்து, பிறகு ஒளியில் கெடாதபடி வேதிமாற்றம் செய்த ஹாப்ஸ் சாற்றைக் கொண்டு கசப்பூட்டும் ஆலைகளும் உண்டு. புட்டியின் அழகுக்காகப் பியரையே திருத்துவது, செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுவதாகும். சாதாரண ஹாப்ஸ் இட்ட என் வீட்டுப் பியரை நிறமற்ற புட்டி ஒன்றில் அடைத்து ஒரு மணிநேரம் வெயிலில் வைத்துப் பார்த்தேன். திறந்த மறுகணமே அறையின் சன்னல்களையும் திறக்க வேண்டியதாயிற்று.

சிறு ஆலைப் பியர்களின் வரலாறு வீட்டு அடுப்பிலிருந்தே தொடங்குகிறது. அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிய பிறகும் வீட்டில் ஒயின் தயாரிப்பதற்கு இருந்த அனுமதி பியருக்கு இல்லை. 1978 அக்டோபர் 14 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியின்றிக் காய்ச்சிக்கொள்ள வழிவிட்டது. கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் வீட்டுக் காய்ச்சலுக்கான பொருள்களை விற்றுக்கொண்டிருந்த கென் கிராஸ்மன்தான் பின்னர் சியரா நெவாடா ஆலையைத் தொடங்கினார். அவருடைய பேல் ஏல், 1970களின் தொடக்கத்தில் வெளியான கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகையின் மணத்தை உலகறியச் செய்தது. கையால் திருகும் மூடியை அந்த ஆலை ஒரு கட்டத்தில் கைவிட்டு, திறப்பான் கேட்கும் மூடிக்கு மாறியது. ஆக்சிஜனை இது இன்னும் நன்றாகத் தடுக்கும் என்பதே காரணம். வாங்குபவருக்குச் சிரமத்தைக் கூட்டி, பியருக்கு நன்மையைக் கூட்டிய அந்த மாற்றத்தை எந்த விளம்பரமும் கொண்டாடியிருக்காது.

அதற்காகச் சிறு ஆலைகளெல்லாம் துறவிகள் என்று எண்ணிவிடக் கூடாது. ஆங்கே மண்டையோடு, அரக்கன், வானவில் எனக் கேன் முழுவதும் ஓவியம் வரைந்துவிட்டு, அடைத்த தேதியைப் போடாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹாப்ஸ் மணம் மிகுந்த பியர் சில மாதங்களிலேயே அட்டைப்பெட்டி வாடைக்கு இறங்கிவிடும் என்று அறிந்தே இதைச் செய்கிறார்கள். நான் வாங்கிய பேல் ஏலில் தேதி அச்சிடப்பட்டிருந்தது. அடைத்து ஏழு வாரம். ஓவியம் இல்லை. மதிப்பெண் கொடுப்பதானால் அந்தத் தேதிக்கே ஒன்று கூட்டிக் கொடுப்பேன்.

இனி என் சொந்தச் சரக்கு. சாராயம் காய்ச்சுவது வேறு, பியர் காய்ச்சுவது வேறு. இங்கே ஆவியாக்கி வடிப்பது கிடையாது. முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லியை 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகும்; அந்த நீரை இறுத்து, ஹாப்ஸ் இட்டு ஒரு மணிநேரம் கொதிக்கவைத்து, விரைவாக ஆறவிட்டு, 20 டிகிரிக்கு வந்ததும் ஈஸ்ட் தூவி மூடிவைப்பேன். இரண்டு வாரத்தில், நீரை 1 என்று கொண்டால், அடர்த்தி 1.050இலிருந்து 1.010க்கு இறங்கியது, அதாவது ஏறக்குறைய 5.2 விழுக்காடு ஆல்கஹால். புட்டியில் அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்தால், எஞ்சியுள்ள ஈஸ்ட் அதைத் தின்று மூடிக்குள்ளேயே வாயுவை உண்டாக்கிக்கொள்ளும். இதே சர்க்கரையில்தான் என் முதல் முயற்சி கவிழ்ந்தது: நொதித்தல் முடியும் முன்பே அவசரப்பட்டு அடைத்தேன், இரண்டு புட்டிகள் நள்ளிரவில் வெடித்தன, மூன்றாவது திறந்ததும் கூரையைத் தொட்டது.

இந்த முறை அந்தக் குற்றம் இல்லை. ஆனால் குறை வேறு இருந்தது: குழாய் நீரின் குளோரினை நீக்கத் தவறியதால் முதல் மிடறில் மருந்துக்கடை வாடை மெலிதாக வந்தது, அடியில் ஈஸ்ட் மண்டியிருந்ததால் கடைசி இரு விரல்கடை கலங்கியது. கடையில் வாங்கிய பேல் ஏல் இதைவிடத் தெளிவானது, சமநிலை உடையது, அதற்கே முதலிடம். என்னுடையது இரண்டாமிடம். 12 டிகிரியிலும் கடைசித் துளிவரை குடிக்க முடிந்தது என்ற ஒரே காரணத்தால் அது நிறம் மாறும் கேனை வென்றது. வரிப் புட்டிக்கு இடமே தரவில்லை; அதிலிருந்ததும் மெல்லிய லாகர்தான் என்பதால் கேனோடு சேர்த்தே எண்ணிக்கொள்ளலாம்.

ஆனாலும் வரிப் புட்டியை ஒரு விதத்தில் தனியே குறைகூற வேண்டியிருக்கிறது. வீட்டில் காய்ச்சுகிறவர்கள் காலிப் புட்டிகளைச் சேர்த்துவைத்து மறுபடி பயன்படுத்துவோம். திருகு மூடிக்கான வாயில் நம் மூடி சரியாக இறுகாது. கழுத்தில் பள்ளங்கள் இருந்தால் அவற்றில் ஒட்டிய ஈஸ்டைத் தூரிகை எடுக்காது. மலைப்படம் கேனில் மட்டுமன்றிப் புட்டியிலும் வருவதுண்டு; எனக்குக் கிடைத்த அத்தகைய புட்டிகள் இவ்விதத்தில் எவ்வளவோ மேல். கனமான பழுப்புக் கண்ணாடி, நேரான கழுத்து, திறப்பான் மூடிக்குப் பொருந்தும் வாய். நண்பர் ஒருவர் குடித்துவிட்டுக் கொடுத்த எட்டுப் புட்டிகளை நேற்று சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்தேன். வெந்நீரில் மலைகள் வெள்ளையாகவே இருந்தன. கால் மணிநேரத்தில் ஒட்டுத்தாள்கள் தாமாகவே கழன்று மேலே மிதந்தன. அடுத்த காய்ச்சலுக்கு அந்த எட்டும் தயார்.