நெட் கோச்சிங்: முதல் தாளுக்கு மட்டும் சேரலாம்

கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு மதுரையில் நான் போன கோச்சிங் எப்படி என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்காகச் சொல்வதை விட இங்கேயே எழுதிவிடுகிறேன். சென்டர் பெயர் வேண்டாம், விசாரித்த வரையில் மற்ற இடங்களும் ஏறக்குறைய இப்படித்தான்.

எம்.ஏ. தமிழ் முடித்தவர்களுக்குப் பயம் எல்லாப் பாடத்தினருக்கும் பொதுவான முதல் தாளில்தான். இரண்டாம் தாள் நம் பாடம், தமிழிலேயே வரும், 100 கேள்விக்கு 200 மதிப்பெண். முதல் தாளின் 50 கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான், அதற்கு 100 மதிப்பெண், இரண்டு தாளும் சேர்த்தே 3 மணி நேரம். அந்தப் பயத்தை இங்கே உண்மையாகவே போக்கிவிட்டார்கள். தருக்கம் எடுத்த சார் ஒன்றை அறியும் வழிகளான பிரத்யட்சம், அனுமானம், உபமானம் என்று எழுதிப் போட்டுவிட்டு, இதெல்லாம் மணிமேகலையில் சமயக்கணக்கர் காதையில் படித்ததுதானே, காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி, என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த தமிழ் மாணவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். சதவீதக் கணக்கும் அட்டவணைக் கேள்விகளும் பொறுமையாக நடத்தினார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், அதனால் ஒரு கேள்வியையும் விடாதே என்பதை மாக் டெஸ்ட் தோறும் மண்டையில் ஏற்றினார்கள்.

இரண்டாம் தாள்? சுமார். பழைய வினாத்தாள்களை ஜெராக்ஸ் போட்டு ‘மெட்டீரியல்’ என்று விற்கிறார்கள். அவை தேர்வை நடத்தும் என்டிஏவின் தளத்திலேயே இலவசம், இ-பிஜி பாடசாலை என்ற அரசு இணையதளத்திலும் முதுகலைப் பாடங்கள் சும்மாவே கிடைக்கின்றன.

எனக்குக் கோபம் வந்தது முதல் தாளின் ‘கற்பித்தல் திறன்’ பகுதியில். நினைவு நிலை, புரிதல் நிலை, சிந்தனை நிலை என்று கற்பித்தலின் மூன்று நிலைகளை டிக்டேட் செய்து மனப்பாடம் பண்ண வைத்தார்கள், அதாவது முதல் நிலையைத் தாண்டவே இல்லை. எங்களில் ஒருவரைக்கூடப் போர்டு பக்கம் நிற்கவைத்துப் பத்து நிமிடம் பாடம் எடுக்கச் சொல்லவில்லை. கேட்டால், அதெல்லாம் இன்டர்வியூ வரும்போது பார்த்துக்கலாம்மா என்றார்கள். தனியார் கல்லூரி இன்டர்வியூவில் முதலில் கேட்பதே டெமோ கிளாஸ்தான் சார்!

சரி, கோச்சிங்கை மட்டும் குறை சொல்லி என்ன பயன், முனைவர் பட்ட ஆய்வாளர்கள் எல்லோரும் கற்பித்தலில் பயிற்சி பெற வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறையே சொல்கிறது, வாரம் 4 முதல் 6 மணி நேரம் டுட்டோரியல் போன்ற வேலைகளைத் தரலாம் என்றும் இருக்கிறது. உங்கள் துறையில் தராவிட்டால் நெறியாளரிடம் நீங்களே கேட்டு பி.ஏ. முதலாண்டு வகுப்பு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

சென்டர் வாசல் பேனரில் ஜேஆர்எஃப் (நெட்டில் அதிக மதிப்பெண் எடுப்பவர்களுக்கான ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அதைப் பார்த்து முழுக் கட்டணத்தையும் கட்டிவிடாதீர்கள். முதல் தாளுக்கு மட்டும் சனி, ஞாயிறு பேட்ச் இருக்கிறது, கட்டணமும் குறைவு. நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.