லிட்டரேச்சர் சர்ச்: நாமளே தேடுறதா, மெடிக்கல் லைப்ரரியன்கிட்ட போறதா?

தீசிஸ் எழுதுற பிஜி பசங்க கேக்குறாங்க, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுற பப்மெட் வெப்சைட் தான் ஃப்ரீயா இருக்கே, லைப்ரரியன் எதுக்குன்னு. நியாயமான கேள்விதான், 1997ல அது எல்லாருக்கும் இலவசமா திறந்து விட்டதுக்கு முன்னாடி காசு குடுத்து கம்ப்யூட்டர்ல தேடணும், இல்லன்னா இண்டெக்ஸ் மெடிகஸ்னு கட்டுரைகளோட பட்டியல் போட்ட தலகாணி சைஸ் வால்யூமை உக்காந்து புரட்டணும் (அந்த பிரிண்ட் 2004ல நின்னுச்சு).

வார்டுல அவசரமா ஒரு டோஸ், ஒரு கைட்லைன் பாக்கணும்னா நீங்களே தேடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

சிஸ்டமேட்டிக் ரிவ்யூன்னா, அதாவது ஒரு கேள்விக்கு வந்த எல்லா ஆய்வுகளையும் ஒண்ணு விடாம தேடி அலசுறதுன்னா, கதையே வேற. ஹார்ட் அட்டாக்கையே எடுத்துக்கோங்க, பப்மெட்ல அதோட மெஷ் டெர்ம் (கட்டுரைகளுக்கு போடுற தலைப்புச் சொல்) 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்', எம்பேஸ்ங்கிற இன்னொரு டேட்டாபேஸ் போனா 'ஹார்ட் இன்ஃபார்க்‌ஷன்', ஒண்ணுல எழுதின சர்ச் ஸ்ட்ரிங்க (தேடல் சொற்களோட கோர்வைய) இன்னொண்ணுல அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணா நிறைய பேப்பர் விட்டுப்போயிடும், விட்டுப்போனதே நமக்கு தெரியாது. நான் அப்படித்தான் மூணு வாரம் வேஸ்ட் பண்ணேன், லைப்ரரியன் மேடம் ஸ்க்ரீன பாத்த உடனே "தம்பி, 'ஆர்' போட வேண்டிய எடத்துல 'அண்ட்' போட்டிருக்கீங்களே"ன்னு சிரிச்சாங்க ('ஆர்'னா ஏதாவது ஒரு சொல் இருந்தா போதும், 'அண்ட்'னா எல்லாமே இருக்கணும்). அதோட விடல, ரெண்டு தடவ வந்த பேப்பர நீக்கி, மெத்தட்ஸ்ல சர்ச் பகுதிய அவங்களே எழுதி, கோ-ஆத்தராவும் ஆனாங்க. சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுக்கான வழிகாட்டியான காக்ரேன் ஹேண்ட்புக்கே இப்படி ஒருத்தர டீம்ல சேத்துக்க சொல்லுது.

மைனஸ்னா வெயிட்டிங் தான், காலேஜ் முழுக்க அவங்க ஒருத்தர்தான். இப்ப ஏஐ கிட்ட ரெஃபரன்ஸ் கேட்டுட்டு வர்றவங்க வேற, அதுல இல்லாத பேப்பருக்கு டிஓஐ (கட்டுரையோட அடையாள நம்பர்) போட்டிருக்கும், அத தேடிக் கண்டுபுடிக்கிற வேலையும் மேடம் தலைலதான்.