மலையில் இரண்டாவது கியர்: ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காருடன் நான்கு வருடம்

நான் ஊட்டி பக்கம் கேத்தியில் இருக்கிறேன். நான்கு வருடம் முன்பு, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முன்னால் இன்ஜின், பின் சக்கர டிரைவ், ஆறு கியர் மேனுவல். வாங்கும்போது 29,000 கிலோமீட்டர், இப்போது 60,000. என் ஒரு வண்டியை வைத்து அந்த மாடலையே குறை சொல்வது நியாயமில்லை, அதனால் பெயர் வேண்டாம். இன்ஜின், ஸ்டீயரிங், பிரேக் எல்லாம் அருமை. எழுத வந்தது கியரைப் பற்றி மட்டும்.

முதல் வருடம் டிசம்பரில்தான் ஆரம்பித்தது. தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனி படிகிற காலம். காலையில் வண்டியை எடுத்தால் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது கர்ரென்று அரைபடும். அழுத்தித் தள்ளினால் விழும், ஆனால் கை வழியாக அந்த அதிர்வு தோள் வரை ஏறும். ரிவர்ஸும் அப்படித்தான். கோடை வந்ததும் கொஞ்சம் குறைந்தது, நானும் விட்டுவிட்டேன். அது தப்பு.

அடுத்த மழைக்காலத்தில் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தேன். 14 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவுக்கு முன் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன், கியர் விழவில்லை. வண்டி நியூட்ரலில், எதிரே பஸ். பிரேக்கை மிதித்து, மறுபடி மூன்றிலேயே போட்டுச் சமாளித்தேன். சமவெளியில் இது வெறும் எரிச்சல். மலையில் இரண்டாவது கியர்தான் பாதி பிரேக். இன்ஜின் பிடித்து நிறுத்தாவிட்டால் மொத்தச் சுமையும் பிரேக் பேடுக்குப் போய், சூடேறி, பிடிப்பு போய்விடும். கல்லட்டி மாதிரி 36 கொண்டை ஊசி உள்ள இறக்கத்தில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல், கியர் பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும், ஒன்றரை லட்சம் ஆகும் என்றார்கள். மனசு ஒப்பவில்லை. திரும்பும் வழியில் மேட்டுப்பாளையத்தில், லாரி கிளட்ச் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் நிறுத்தினேன். இன்ஜினை அணைத்துவிட்டு ஆறு கியரையும் போட்டுப் பார்த்தார், வெண்ணெய் மாதிரி விழுந்தது. பிறகு ஸ்டார்ட் செய்து, கிளட்சை முழுதாக மிதித்து, ஐந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டார். கர்ர்.

"தம்பி, கிளட்ச் முழுசா விடலீங்க. பாக்ஸைக் கழட்ட அவசரப்படாதீங்க" என்றார்.

மிதித்ததும் கிளட்ச் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சரியாகப் பிரித்து விட்டிருந்தால் அந்த ஐந்து வினாடியில் உள்ளே சுற்றும் ஷாஃப்ட் நின்றிருக்கும், ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்திருக்கும். கீழே படுத்து, மிதிக்கிற அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஈரம். சீல் தேய்ந்து, ஃப்ளூயிட் கசிந்து, லைனில் காற்று புகுந்திருந்தது. மிதிக்கிற மிதியில் ஒரு பங்கு காற்றை அமுக்குவதிலேயே போயிருக்கிறது. புது சிலிண்டர் வர மூன்று வாரம் ஆனது. போட்டு, டாட் 4 ஃப்ளூயிட் புதிதாக ஊற்றி, ஏர் எடுத்தோம். ரிவர்ஸ் சத்தம் அன்றோடு போயிற்று. இந்த ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் மலையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுகிறேன். என் வண்டியில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான்.

ஆனால் குளிரில் இரண்டாவது கியர் இன்னும் முரண்டு பிடித்தது. அப்புறம்தான் பழைய பில்களைத் தேடினேன். முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ ஜி.எல்.-5 தரத்தில் 85டபிள்யூ-140 என்ற கெட்டியான கியர் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். கையேட்டில் இருப்பதோ ஜி.எல்.-4 தரம், அதைவிட இளகலான 75டபிள்யூ-90.

இது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவர் கூடவே நாலடி ஓடி, வேகம் சமமான பிறகுதான் படியில் கால் வைப்பார். கியர் பாக்ஸில் அந்த நாலடி ஓட்டத்தைச் செய்வது சிங்க்ரோ என்னும் பித்தளை வளையம். அது கியரின் கூம்பு முகத்தில் உரசிப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்துகிறது. உரசிப் பிடிக்க வேண்டுமென்றால் இடையிலுள்ள ஆயில் படலம் விலக வேண்டும். குளிரில் 85டபிள்யூ ஆயில் தேன் மாதிரி கெட்டியாகிவிடும், சீக்கிரம் விலகாது. ஜி.எல்.-5, இன்ஜின் சக்தியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பல்சக்கர அழுத்தத்தைத் தாங்கச் செய்தது, அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். அந்த வழவழப்பு சிங்க்ரோவின் பிடிப்பைக் குறைக்கும், சில வகைகள் பித்தளையை அரிக்கவும் செய்யும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே வேக இடைவெளி பெரிது, மலையில் நாம் அதிகம் போடுவதும் இரண்டைத்தான். அதனால்தான் அடி முதலில் அங்கே விழுகிறது.

ஆயிலை இறக்கியபோது டிரெயின் ப்ளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருந்தது. அது இரும்புத் துகள், எல்லா வண்டியிலும் இருக்கும். ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது தங்கப் பொடி மாதிரி மினுமினுப்பு. பித்தளை காந்தத்தில் ஒட்டாது, அதனால் இதைக் கண்ணால்தான் தேட வேண்டும். என் இரண்டாவது சிங்க்ரோ கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்பது அன்று தெரிந்தது. வருத்தமாகத்தான் இருந்தது.

சரியான ஆயில் ஊற்றியபின் மாற்றம் பெரிது. ஜனவரி காலையிலும் முதல் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டும்தான் கடினம். ஐட்லிங்கில் விட்டு வைப்பதால் கியர் ஆயில் பெரிதாகச் சூடாவதில்லை, ஓட்டித்தான் சூடேற்ற வேண்டும். அந்தத் தூரத்துக்கு டபுள் கிளட்ச் போடுகிறேன்: நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்து, ஒரு நொடி விட்டு, மறுபடி மிதித்து இரண்டு. இறக்கத்தில் முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தட்டி, அதன் பிறகே இரண்டுக்கு இறக்குகிறேன். விழாவிட்டால் அழுத்துவதில்லை, தானாக உள்ளே போக இடம் கொடுக்கிறேன். ஓட்டும்போது கியர் லீவர் மேலேயே கையை வைத்திருக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன், அந்தக் கனம் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கைத் தேய்க்கும்.

செலவு? சிலிண்டர், ஃப்ளூயிட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் வண்டியில் எல்லா கியரும் அரைபட்டால் கிளட்சைப் பாருங்கள். ஒரே ஒரு கியர் மட்டும் என்றால் சிங்க்ரோவையும் ஆயிலையும் பாருங்கள்.

அடுத்த ஆயில் மாற்றம் 70,000-இல். அன்றும் வெயிலில் சாய்த்துப் பார்ப்பேன். மினுமினுப்பு குறைந்திருந்தால் இப்படியே ஓட்டுவேன், கூடியிருந்தால் பாக்ஸைத் திறக்கச் சொல்லிவிடுவேன்.